கேம்ப்புக்குப் போன அம்முவுக்கு

அன்புள்ள அம்மு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பயிற்சி வாரம் முடிந்து, கேபினைக் கூட்டித் துடைத்து, கட்டில்களில் பிள்ளைகளின் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருப்பாய். போனை ஆபீசில் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாய், நல்லதுதான், எனக்கும் பேனாவைப் பிடிக்க ஒரு சாக்கு. கோடைக் கேம்ப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலராக, எட்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகளின் கேபின் உனக்குக் கிடைத்திருக்கிறது என்று கேட்டதிலிருந்து சொல்ல வேண்டியது நிறைய சேர்ந்துவிட்டது. நீ சின்னப் பிள்ளையாகப் போய்க் கேம்ப்பை உள்ளே இருந்து பார்த்தவள். இங்கே வீட்டில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. இனி உன் கேபினில் எத்தனை கட்டிலோ அத்தனை வீடுகள் உன்னை நம்பி அப்படிக் காத்திருக்கப் போகின்றன, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கெல்லாம் மே மாதம் என்றால் அம்மாச்சி வீடு. கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறிப் பெட்டியோடு போய் இறங்கினால் பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள், ராத்திரி மொட்டை மாடியில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுப்போம், யார் ஓரத்தில் படுப்பது என்று தினமும் சண்டை நடக்கும். அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல் தூங்கப் பழகியது அந்த மாடியில்தான். இங்கே நியூ ஜெர்சியில், எடிசனில் உனக்கு அந்த மாடியும் இல்லை, அத்தனை பிள்ளைகளும் இல்லை. ஜூன் மூன்றாம் வாரம் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பர் வரை நீயும் தம்பியும் டிவியும்தான். உன்னைக் கேம்ப்புக்கு அனுப்ப நான் முடிவு செய்த காரணம் இதுதான், நீச்சல் படகு எல்லாம் அப்புறம் வந்தவை. "பெத்த பிள்ளையைக் காசு குடுத்துக் காட்டுக்கு அனுப்புவாங்களாடி" என்று உன் அம்மாச்சி போனில் கேட்டார். அந்த மொட்டை மாடியை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி அனுப்பு" என்றார்.

அனுப்புவதற்கு முன்னால் இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். 1861இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய கோடையில், கனெக்டிகட்டில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஃபிரெட்ரிக் வில்லியம் கன்னும் அவர் மனைவி அபிகெயிலும் மாணவர்களை நடத்திக் கூட்டிப்போய் மில்ஃபோர்டு கடற்கரையில் கூடாரம் அடித்து ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கவைத்திருக்கிறார்கள், பையன்களுக்குச் சிப்பாய்களைப் போல இருந்து பார்க்க ஆசையாம். அதைவிட எனக்குப் பிடித்தது உன் பக்கத்து ஏரியில் நடந்தது. 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்கிற இளைஞர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஸ்குவாம் ஏரியில் ஒரு தீவில் சக்கோருவா கேம்ப்பைத் தொடங்கினார். பணக்கார வீட்டுப் பையன்கள் கோடை முழுக்க ஹோட்டல்களில் சும்மா கிடந்து கெட்டுப்போகிறார்கள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் தீவில் வேலைக்காரர்களே கிடையாது, சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தப் பையன்களேதான். எட்டு ஒன்பது வருஷம்தான் நடந்தது, ஆனால் அவர் போட்ட வழி இன்னும் இருக்கிறது. உன் முதல் வருஷத்துக் கடிதத்தில் "இன்று முழு டேபிளுக்கும் நான்தான் தட்டு எடுத்துவைத்தேன்" என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு பால்ச் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் அது மூன்றாவது கடிதம். முதல் கடிதம் வேறு மாதிரி இருந்தது, உனக்கு மறந்திருக்கும். "அம்மா எனக்கு இங்கே பிடிக்கலை, ராத்திரி வயிறு வலிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க." பென்சில் எழுத்து சில இடங்களில் கலங்கியிருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்துவிட்டார், ஆறு மணி நேர ஓட்டம், ராத்திரிக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். நான்தான் தடுத்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007இல் வெளியிட்ட ஒரு அறிக்கையைக் குழந்தை டாக்டர் எங்களுக்குக் காட்டியிருந்தார். பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள், உன்னால் அங்கே இருக்க முடியாது என்று நீங்களே நினைப்பதாகத்தான் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது. வீட்டு நினைப்பு வராத பிள்ளை அபூர்வம் என்றும் இருந்தது. இரண்டு நாள் இந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. அடுத்த கடிதத்தில் கனூவில் துடுப்பு போட்டது, வட்டம் வட்டமாகச் சுற்றியது, யாரோ ஒரு சிநேகிதியின் பூனையின் பெயர், இவ்வளவுதான் இருந்தன. வயிற்று வலியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

நடுவில் என்ன நடந்தது என்று நீ வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாய். உன் கவுன்சிலர் அழாதே என்று சொல்லவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து, உன் வீட்டில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டாளாம். நீ தோசை, தம்பி, அப்பா பார்க்கும் கிரிக்கெட் என்று எல்லாம் சொல்லி முடித்ததும், நாளை காலையில் சாப்பாட்டு மணி அடிக்கிற வேலை உனக்கு என்று சொன்னாளாம். அவளுக்கும் அப்போது, இப்போது உனக்கு இருக்கிற வயதுதான் இருந்திருக்கும். அம்மு, அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, கையைப் பிடித்து நன்றி சொல்லும் அளவுக்குத்தான் பார்த்தேன், இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ அந்தப் பெண்ணாக இரு, நான் கேட்பது அவ்வளவுதான். பகலெல்லாம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கட்டிலில் கிடக்கும் அந்த ஒரு மணி நேரமும், விளக்கை அணைத்த பிறகு வரும் அரை மணி நேரமும்தான் கஷ்டம். அப்போது கேபினை விட்டு எங்கேயும் போகாதே. சத்தம் போட்டு அழுகிற பிள்ளையை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவளைப் பார்.

அங்கே நடக்கிற சின்னச் சின்ன வழக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவளான பிறகு உனக்கு அவை குழந்தைத்தனமாகத் தோன்றலாம், உன் கூட வேலை செய்கிற சிலர் அவசரத்தில் பாதியைத் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். விடாதே. காலையில் கொடியேற்றும்போது வட்டமாக நிற்பது, டேபிளில் முழங்கை வைத்தவரைப் பாட்டுப் பாடி எழுப்பிக் கூடத்தைச் சுற்றி ஓடவிடுவது, நனைந்த துண்டுகள் தொங்கும் கயிறு, பிளாஸ்டிக் நாரில் பின்னும் சாவிக்கொத்து, ராத்திரி பியூகிள் என்கிற ஊதுகொம்பில் ஊதும் அந்த மெட்டு. அந்த மெட்டு 1862இல் வர்ஜீனியாவில் ஒரு ராணுவ முகாமில் பிறந்தது, இந்த நாட்டில் ராணுவ வீரர்களின் அடக்கத்திலும் அதையே ஊதுகிறார்கள். ஆனால் உனக்கு அது தூக்கத்தின் மெட்டு. எட்டாம் வகுப்பில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அதை நீயாகவே முனகிக்கொண்டு தூங்கிப்போனாய், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு இல்லாத இடத்தில், இதற்கு அடுத்தது இதுதான் நடக்கும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். அதைச் செய்வது இந்த வழக்கங்கள்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு உயர்ந்ததாகப் படுவது ஏரியில் ஜோடி பார்ப்பது. தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, இறங்கும் முன் இரண்டு பேரும் பலகையில் தங்கள் அடையாள வில்லையை மாட்ட வேண்டும், விசில் ஊதியதும் எங்கே இருந்தாலும் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும், கரையில் இருப்பவர் எண்ணி முடிக்கும் வரை இறக்கக் கூடாது. பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். ஏரி முழுக்க இரண்டிரண்டு கைகளாக எழுந்து நின்றன, அதில் உன் மஞ்சள் நீச்சல் உடுப்பைத் தேடிக் கண்டுபிடித்தேன், உன் கையைப் பிடித்திருந்தது யார் பெற்ற பிள்ளையோ. எங்கள் ஊர்க் குளங்களில் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த கதை கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு விசிலும் ஒரு பலகையும் போதும், இதை எல்லா ஊரிலும் செய்யலாமே என்று அன்றைக்கே தோன்றியது. எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும், எவ்வளவு வெயிலாக இருந்தாலும், திரும்ப முதலிலிருந்து எண்ணு.

ஆகஸ்டில் கேம்ப்பையே நிறத்தால் இரண்டாகப் பிரித்துப் போட்டி வைப்பீர்களே, 1916இல் நியூயார்க் மாநிலத்து ஸ்க்ரூன் ஏரிக் கேம்ப்பில் முதலில் நடந்ததாகச் சொல்வார்கள், அதில் தோற்றுப்போய் நீ தொண்டை கட்டி வந்தாய். அதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஓடத் தெரியாத பிள்ளைக்குப் பாட்டு எழுதுகிற வேலையாவது கிடைக்கும்படி பார்த்துக்கொள்.

கேம்ப்ஃபயரில் ஒரு விஷயம். கிரஹாம் பிஸ்கெட்டுக்கு நடுவில் சாக்லேட்டும் சுட்ட மார்ஷ்மெல்லோவும் வைத்துத் தின்னும் ஸ்மோர், பெண் சாரணர் கையேட்டில் 1927இலேயே செய்முறையோடு வந்துவிட்டது, அவ்வளவு பழசு. சாதாரண மார்ஷ்மெல்லோவில் இருக்கும் ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. உன் கேபினில் சைவப் பிள்ளை இருக்கலாம், முஸ்லிம் பிள்ளை, யூதப் பிள்ளை, ஜைனப் பிள்ளை இருக்கலாம், எல்லாரும் குச்சியை நீட்டும்போது ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஜெலட்டின் இல்லாத பாக்கெட் இப்போது பெரிய கடைகளில் எல்லாம் கிடைக்கிறது, முதல் நெருப்பு மூட்டும் முன்பே சமையலறையில் சொல்லி வாங்கிவைத்துவிடு. அந்தப் பிள்ளை கேட்கமாட்டாள், நீயும் கேட்டதில்லை.

இன்னொன்று. இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் பெயரைக் கேம்ப்புக்கும் கேபினுக்கும் வைத்து, தலையில் இறகு கட்டி, முகத்தில் வண்ணம் பூசி ஆடுவது ரொம்ப காலம் பல கேம்ப்களில் வழக்கமாக இருந்தது. நிறைய இடங்களில் விட்டுவிட்டார்கள், நல்ல காரியம். யாராவது பழைய பெட்டியிலிருந்து இறகை எடுத்தால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல். பிள்ளைகளுக்கு அந்த ஏரிக்கரையில் முன்னால் வாழ்ந்தவர்கள் அபெனாக்கி மக்கள், அவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்பதைச் சொன்னால் போதும், பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். வழக்கத்தை விடாதே என்று மேலே எழுதியதும் நான்தான், ஆனால் இன்னொருவர் மனம் புண்படும் வழக்கம் போகத்தான் வேண்டும்.

கடைசி ராத்திரி மரத்துண்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஏரியில் விடுவதைப் பற்றி நீ முதலில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று உனக்குப் புரியவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் ஆடிப்பதினெட்டும் வரும். அன்றைக்கு நாங்கள் காவிரிக்குப் போவோம், புளிச்சோறு, எலுமிச்சை சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கட்டிக்கொண்டு. பையன்கள் தெருவெல்லாம் சின்னச் சப்பரம் இழுத்துப்போவார்கள், பெண்கள் படித்துறையில் மஞ்சள் பூசி, காதோலை கருகமணி வைத்துப் படைத்துவிட்டு விளக்கை ஏற்றித் தண்ணீரில் விடுவோம். நான் விட்ட விளக்கு வளைவு தாண்டும் வரைக்கும் நின்று பார்ப்பேன். நீ பார்க்காத ஆறு அது, ஆனாலும் எங்கோ ஒரு குளிர்ந்த ஏரியில் நீயும் அதே மாதத்தில் ஒரு விளக்கை விட்டிருக்கிறாய். இந்த வருஷம் உன் பிள்ளைகளுக்கு ஆடிப்பதினெட்டைப் பற்றிச் சொல்லேன், கதை கேட்டால் அந்த ராத்திரி இன்னும் கொஞ்சம் நேரம் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏரியில் எதையும் விட்டுவைக்காமல், காலையில் படகில் போய் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள்.

பார்சலில் தின்பண்டம் ஒன்றும் வைக்கவில்லை, கேபினில் சாப்பாட்டுப் பொருள் இருந்தால் எலி வரும், கரடியும் வரும் என்று உங்கள் விதிமுறைத் தாளில் போட்டிருக்கிறது. கம்பளிச் சாக்ஸ், புது டார்ச் பேட்டரி, தபால்தலை, உன் பிள்ளைகளுக்குப் பின்னுவதற்குப் பல நிறத்தில் நூல்கண்டு, இவ்வளவுதான். காட்டுக்குள் போய்வந்தால் உண்ணி பார்ப்பதை மறக்காதே, காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் தலைமுடிக்குள்ளும், முதலில் பிள்ளைகளுக்கு, அப்புறம் உனக்கு. உன் ஓய்வு நாள் எது என்று தெரிந்ததும் உடனே எழுது. பக்கத்து டவுனில் வந்து பார்க்கலாமா என்று அப்பா தினமும் கேட்கிறார், தம்பி கூட வருவதாகச் சொல்கிறான், முறுக்கும் தயிர்ச்சாதமும் அன்றைக்கு நேரில்தான்.

அன்புடன்,
அம்மா