அரையாண்டுத் தேர்வும் ஆண்டு விழாவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் இந்த வாரம் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பல பரிசுகளை வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சிக்கும் நல்ல கூட்டம். அனைவருக்கும் பாராட்டுகள். ஆண்டு விழா வேலைகள் தொடங்கிவிட்டன.

ஆண்டு விழா என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பள்ளி அலுவலகக் கணினியில் வைரஸ் புகுந்தது பற்றி.

விழா வசூல் கணக்குக்காக ஒரு பெற்றோர் இணையத்திலிருந்து எக்செல் கோப்பு ஒன்றை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுத்தார். நல்லெண்ணத்தில் செய்த உதவிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறந்ததும் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது. "எனேபிள் கன்டென்ட் அழுத்துங்க மேடம், அப்பதான் கூட்டல் எல்லாம் தானா வரும்" என்றார். எங்கள் பணியாளரும் அழுத்திவிட்டார். மறுநாள் காலையில், பள்ளியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே "வேன் கட்டண நிலுவை" என்ற தலைப்பில், கடவுச்சொல் போட்ட ஒரு கோப்பு உங்களில் பலருக்குப் போயிருக்கிறது. அதைப் பள்ளி அனுப்பவில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டால் வைரஸ் தடுப்பு மென்பொருளால் உள்ளே பார்க்க முடியாது, அதற்காகவே மோசடிக்காரர்கள் பூட்டுகிறார்கள்.

கணக்குப் போடும் தாளுக்குள் வைரஸ் எப்படி வரும் என்று பலர் கேட்டீர்கள். எக்செல்லில் கட்டங்களும் எண்களும் மட்டும் இல்லை, மேக்ரோ என்ற சிறு நிரலையும் உள்ளே வைக்கலாம். மஞ்சள் பட்டையை அழுத்தினால் அது ஓடத் தொடங்கும். கூட்டல் போடுகிற அதே நிரல் இணையத்திலிருந்து வேறொன்றை இறக்கவும் செய்யும். இது புதிய தந்திரமும் இல்லை. எக்செல்லைத் தாக்கிய 'லாரூ' என்ற மேக்ரோ வைரஸ் 1996-லேயே வந்துவிட்டது; உங்களில் பலர் அப்போது அரை டிராயரில் பள்ளிக்குப் போயிருப்பீர்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது 2022-ல்தான். கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம், பென் டிரைவில் ஏற்றி இறக்கும்போது பெரும்பாலும் அழிந்துபோகிறது. வாசலில் நின்ற காவலாளியைத் தாண்டிப் பின்கதவு வழியாக வந்தது போலத்தான்.

மேக்ரோ இல்லாமலும் ஆபத்து வரலாம். வினாத்தாளில் சமன்பாடு எழுத நாங்களெல்லாம் பயன்படுத்திய ஈக்வேஷன் எடிட்டரில், 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு ஓட்டை இருந்தது. 2017-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டைக்கு மஞ்சள் பட்டையில் யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை, கோப்பைத் திறந்தாலே போதும். 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். புதுப்பிக்காத கணினிகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

எங்கள் பக்கத் தவறையும் மறைக்கவில்லை. அலுவலகக் கணினியில் இருந்தது ஆஃபீஸ் 2010. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 அக்டோபரிலேயே நின்றுவிட்டன. மாற்றியிருக்க வேண்டும்; மாற்றவில்லை. இப்போது மாற்றிவிட்டோம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஏற்க முடியாது. "திறக்காதீர்கள்" என்று வகுப்பாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிய பிறகும், அந்த "வேன் கட்டண நிலுவை" கோப்பு இரண்டு முறை குழுவில் பகிரப்பட்டிருக்கிறது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவர் குறிப்பு வேறு. போனில் திறந்தால் மேக்ரோ ஓடாது, அதனால் ஆகவில்லை. அதைப் பார்த்து மடிக்கணினியில் திறந்தவர் வீட்டு நிலைமை வேறு. இனி இப்படிப் பகிரும் எண் குழுவிலிருந்து நீக்கப்படும். யார், எவர் என்று பார்க்க மாட்டோம். அலுவலகத்தில் பென் டிரைவும் வாங்க மாட்டோம். கணக்கு விவரங்களைப் பிடிஎஃப் ஆகவோ, தாளில் எழுதியோ கொடுங்கள். எங்களுக்குத் தாளே வசதி.

கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து மஞ்சள் பட்டையை அழுத்தியவர்கள் உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோப்பைக் கொண்டுவந்த பெற்றோர் மறுநாளே நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார்; அவரைக் குழுவில் யாரும் கேலி செய்ய வேண்டாம். விடுமுறை என்றும் பாராமல் இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்து கணினிகளைச் சுத்தம் செய்து கொடுத்த மாணவியின் தாயாருக்கும், சந்தேகம் வந்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்ட பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: விளையாட்டு விழாவன்று விட்டுச்சென்ற டிபன் பாக்ஸ்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. பொங்கலுக்கு முன் எடுத்துச் செல்லவும்.