துரை பங்களாவில் அறை உண்டு, லயத்தில் ஏன் இல்லை?

சுற்றுலாவுக்கும் பெருந்தோட்டங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாங்கள் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து கொழும்பில் வேலை செய்யும் கூட்டாளிகள். அண்மையில் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்து போனோம். இரவு ரயிலில் சியாங் மாய், பஸ்ஸில் சியாங் ராய், அப்புறம் பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்அப்பில் மே சலோங். கடற்கரையை விட்டுவிட்டுத் தேயிலை பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும்.

மே சலோங் ஏறக்குறைய எங்கள் அட்டன் உயரத்தில் உள்ள மலையூர். சீன உள்நாட்டுப் போரில் தோற்று, யுனானிலிருந்து பர்மா வழியாக வந்த கொமின்டாங் (சீனத் தேசியக் கட்சி) படையினர் 1960களில் குடியேறிய இடம். அபின் புழங்கிய மலையில் இப்போது ஊலோங் தேயிலை. அவர்கள் வழிவந்த ஒரு குடும்பம் வீட்டோடு நடத்தும் விடுதியில் தங்கினோம். வீட்டுக்கார அம்மா முதல் சாயத்தைத் தட்டில் கொட்டிவிட்டு, இரண்டாவதைத்தான் சின்னக் கோப்பைகளில் ஊற்றித் தந்தார். (எங்கள் அம்மாமார் பார்த்திருந்தால் கொட்டிய சாயத்துக்காகவே சண்டை பிடித்திருப்பார்கள்.) காலையில் நாங்கள் கொடுத்த காசு நேரே அவருடைய மேசை லாச்சிக்குள் போனது.

எங்களுக்கு உறைத்தது அந்த லாச்சிதான். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் தோட்டத்தை நிர்வகித்த துரைமாரின் பழைய பங்களாக்கள் ஆடம்பர விடுதிகளாகிவிட்டன. வருகிறவர்கள் கொழுந்து பறிக்கும் எங்கள் பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் ஒருவர் ஓர் அறையை ஒதுக்கி, ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்து நாலு காசு பார்க்க நினைத்தால், காணி யாருடையது என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பிரஜாவுரிமையில் எஞ்சியிருந்த சிக்கலை 2003இல் சட்டம் போட்டுத் தீர்த்தீர்கள். ஆனால் பரம்பரையாகக் குடியிருக்கும் லயத்துக்கு இன்னும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை.

ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காதவர்களுக்கு முதலில் அதைக் கையில் கொடுங்கள். மற்றவர்களுக்கு அது வரும்வரை, வீட்டு விடுதிப் பதிவுக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள். குளியலறை, கழிவறை சரியில்லை என்றால் பரிசோதகரை அனுப்புங்கள், திருத்திக்கொள்கிறோம். டிசம்பர்ப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும். மலையேறத் தொடங்கும் நல்லதண்ணியில் வந்து இறங்கும் கூட்டத்துக்கு ஒரு படுக்கையும் குளிக்கச் சுடுதண்ணியும் கொடுக்க எங்கள் ஆட்களால் முடியும். அதற்கு முன் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாத் தோட்டத்துப் பிள்ளைகள்