முந்திரி லேபிள்களின் ஓப்பன் ஃபைல்களைத் தராதது குறித்த புகார்

கடலூர்,
10.11.2025

அனுப்புநர்:
உரிமையாளர், வறுத்த முந்திரி விற்பனையகம்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
மேலாளர், வடிவமைப்பு நிறுவனம்,
புதுச்சேரி.

ஐயா,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் மிளகு முந்திரி, உப்பு முந்திரி உள்ளிட்ட எங்கள் ஆறு வகைப் பவுச்சுகளுக்கு லேபிள் வடிவமைக்கும் வேலையைத் தங்களிடம் ஒப்படைத்து, 24,000 ரூபாயை இரு தவணைகளில் செலுத்தினேன். வாடிக்கையாளரே திருத்திக்கொள்ளும்படியான கோரல்டிரா (வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளும், அதாவது ஓப்பன் ஃபைல்களும், சேர்த்துத் தரப்படும் என்று தங்கள் விலைப்புள்ளியில் எழுதியிருந்ததை நம்பியே, குறைந்த கூலிக்குச் செய்து தர முன்வந்த உள்ளூர்க்காரர்களை விட்டுத் தங்களிடம் வந்தேன். லேபிள்கள் அழகாகவே அமைந்தன; அதில் எனக்கு மனக்குறை இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் வறுத்த முந்திரிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததால், 200 கிராம் பவுச்சின் அதிகபட்ச சில்லறை விலையை 280 ரூபாயிலிருந்து 262 ஆகவும், அதனடியில் உள்ள ஒரு கிராம் விலையை 1.40 ரூபாயிலிருந்து 1.31 ஆகவும் மாற்ற வேண்டியிருந்தது. மாற வேண்டியவை இந்த இரண்டு எண்கள்தான். மஞ்சக்குப்பத்து அச்சகத்தில் கோப்பைத் திறந்த தம்பி, விலையின் மேல் மவுஸை வைத்து இழுத்தபோது, முந்திரிப் படம், பச்சைப் பின்னணி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் ஒரே பலகைபோலச் சேர்ந்து நகர்ந்தன. பகுதி பகுதியாகத் திருத்த முடியாத ஒரு ஜேபெக் படத்தை உள்ளே வைத்துச் சேமித்துவிட்டு, அதைக் கோரல்டிரா கோப்பு என்று அனுப்பியிருக்கிறீர்கள். வேறு மூன்று கோப்புகளில் எழுத்துகள் அனைத்தும் கர்வாக, அதாவது தட்டச்சு செய்து திருத்த முடியாத வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றப்பட்டிருந்தன. எந்த ஃபாண்ட் (எழுத்துரு) என்ற குறிப்பும் இல்லாததால், புதிதாக அடித்த எண் பக்கத்தில் இருந்த ரூபாய்க் குறியோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

தங்கள் அலுவலகத்தை அழைத்தபோது, ஒரு லேபிளுக்கு 500 ரூபாய் தனியாகத் தர வேண்டும், ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். தீபாவளி விற்பனை கைவிட்டுப் போய்விடுமே என்ற பதைப்பில் ஆறுக்கும் 3,000 ரூபாய் கட்டினேன். அந்த ஒன்பது நாளும் நானும் என் மனைவியும் இரவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பவுச்சிலும் புதிய விலைச் சீட்டைக் கையால் ஒட்டினோம்.

கோப்பைக் கொடுத்தால் வடிவமைப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்று தங்கள் ஊழியர் சொன்ன காரணத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் லோகோவையும் படங்களையும் லாக் செய்துவிட்டு, விலை, எடை, தயாரிப்புத் தேதி, முகவரி ஆகிய நான்கை மட்டும் எழுத்தாகவே விட்டுவைக்க கோரல்டிராவிலேயே வழி இருக்கிறது. ஃபாண்டை இலவசமாகத் தரும்படியும் கேட்கவில்லை. பெயரைச் சொன்னால் நானே உரிமம் வாங்கிக்கொள்வேன்.

எனவே, ஆறு லேபிள்களின் ஓப்பன் ஃபைல்களையும், பயன்படுத்திய ஃபாண்டுகளின் பெயர்களையும், கோரல்டிராவின் எந்தப் பதிப்பில் சேமிக்கப்பட்டவை என்ற விவரத்தையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அனுப்பி, கூடுதலாக வாங்கிய 3,000 ரூபாயையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது.

விலைப்புள்ளி, இரு ரசீதுகள், தாங்கள் அனுப்பிய கோப்புகளின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்