விற்கப்போகும் நாளை மனத்தில் வைத்து முடியுங்கள்: வீட்டில் விமானம் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கராஜில் ரிவெட் அடித்தும், கண்ணாடி இழைத் துணியில் எபாக்சி தடவியும் சொந்தமாக ஒரு சிறு விமானத்தைக் கட்டி, இப்போது அதன் கடைசிக் கட்டத்தில் நிற்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் சிலர் இருக்கிறீர்கள். அதனால்தான் தமிழில்.

நான் உரிமம் பெற்ற விமான மெக்கானிக். பெரிய விமான நிறுவனங்களோடு எனக்குத் தொடர்பில்லை. ஒரு சிற்றூர் விமான நிலையத்தில், வீட்டில் கட்டப்பட்ட விமானங்களுக்கு ஆண்டு ஆய்வு செய்வதுதான் என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானம் கட்டியவர்கள் அல்லர், கட்டியவரிடமிருந்து வாங்கியவர்கள். கட்டியவருக்கு என் தயவு தேவையில்லை. வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ தனியாள்கள் தாமே செய்தது என்று காட்டினால், அமெரிக்க அரசின் விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ அந்த விமானத்துக்குச் ‘சோதனை வகை’ச் சான்றிதழ் தருகிறது. கட்டியவர் விண்ணப்பித்தால் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லுகிற ரிப்பேர்மேன் சான்றிதழும் கிடைக்கிறது. 12 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஆய்வை அவரே செய்து கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். விமானம் விலைபோகும் அன்று அந்தச் சான்றிதழ் கூடவே போவதில்லை. வாங்கியவர் என் போன்ற ஒருவரைத் தேடி வருகிறார், நான் முன்பின் பார்த்திராத ஒருவரின் மூளைக்குள் புகுந்து பார்க்க வேண்டியதாகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் விமானத்தை என்றாவது ஒருநாள் உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் ஓட்டப்போகிறார். அவர் கையில் கொடுக்கப்போகிற பொருளாக அதை முடியுங்கள், அப்படியே பராமரியுங்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது 1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், பசிபிக் குரோவ் கரைக்கு அருகே, பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய லாங்-ஈசி விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். பத்திரிகைகளுக்கு அது ஒரு பிரபலத்தின் மரணம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு வால்வின் கதை.

லாங்-ஈசி பர்ட் ருட்டான் வடிவமைத்தது. எஞ்சின் பின்னால், சிறிய இறக்கை முன்னால், இருவர் ஒருவர்பின் ஒருவராக உட்காரும் விமானம். இடது, வலது டேங்குகளில் எதிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வால்வை ருட்டானின் வரைபடம் விமானியின் இரு கால்களுக்கு நடுவே வைத்திருந்தது. டென்வர் வாங்கிய விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவருக்கு மாற்றியிருந்தார். காரணம் முட்டாள்தனமானதல்ல. எரிபொருள் குழாய்கள் காக்பிட்டுக்குள் வரக் கூடாது என்று அவர் நினைத்தார். தீயை எண்ணிப் பயப்படும் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம்தான். கட்டியவர் தன் உடம்புக்கு அது பழகிப்போய் ஓட்டியிருப்பார்.

அந்த வால்வைத் திருப்ப, இருக்கைப் பட்டையைத் தளர்த்தி, உடம்பை முறுக்கி, பின்னால் கையை நீட்ட வேண்டும். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்பதற்கு அதில் குறி எதுவும் இல்லை. எரிபொருள் அளவுகாட்டிகள் பின்னிருக்கைப் பக்கத்தில் இருந்தன, அவற்றிலும் அளவுக் குறிகள் இல்லை. புறப்படும் முன் அங்கிருந்த டெக்னீஷியனும் டென்வரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கைப்பிடியை நீட்டிக்க ஒரு பூட்டுக் குறடைப் பிடிக்கவைத்துப் பார்த்தார்கள், அதுவும் எட்டவில்லை. அளவுகாட்டியைத் திரும்பாமல் பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார் டெக்னீஷியன். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு டென்வர் கிளம்பினார். இடது பக்கம் பின்னால் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் பெடலை மிதிக்கும். வலது சுக்கான் மிதிபட்டு விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பியின் முடிவு. எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதையும் காரணமாக எழுதினார்கள். எட்டாத இடத்தில் குறியில்லாமல் வால்வை வைத்ததையும், புதிய வகை விமானத்துக்குப் போதுமான பயிற்சி இல்லாததையும் துணைக் காரணிகளாகச் சேர்த்தார்கள். டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அனுபவமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த விமானம் மட்டும்தான் அவருக்குப் புதிது.

இது பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2012இல் இதே வாரியம் வீட்டில் கட்டப்பட்ட விமானங்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011இல் விசாரிக்கப்பட்ட இவ்வகை விபத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை, கட்டியவரிடமோ அவருக்குப் பின் வந்தவரிடமோ விலைக்கு வாங்கப்பட்ட விமானங்களில் நிகழ்ந்தவை. எஞ்சின் நின்றுபோவதும் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முதன்மைக் காரணங்கள். விபத்துகளில் பெரும் பங்கு விமானத்தின் ஆயுளில் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். எரிபொருள் அமைப்பைச் சோதித்த ஆவணத்தைச் சான்றிதழ் தருவதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும் என்று எஃப்ஏஏவுக்குப் பரிந்துரையும் செய்தார்கள். கேட்டால்தான் செய்வோம் என்றிருக்க நாம் என்ன பள்ளிப் பிள்ளைகளா?

இனி உங்கள் கராஜுக்கு வருகிறேன். இறக்கையும் உடற்பகுதியும் நின்று, சக்கரம் போட்டு, எஞ்சின் ஏறியதும் ஓர் அவசரம் தொற்றிக்கொள்கிறது. வருடக்கணக்கில் ஒரே ரிவெட் வரிசையைத் திருப்திக்காக இரண்டு தடவை பிரித்து அடித்த அதே மனிதர், வயரிங்கை ஒரு வார இறுதியில் முடிக்கப் பார்க்கிறார். பூச்சு காயும் முன்பே நாள் குறித்துக் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டு, சுவிட்ச் பெட்டியில் வயர் தொங்கத் தொங்கக் குடிபோகிற வழக்கம் நமக்குப் புதிதல்லவே. முதல் பறத்தலுக்கு நல்ல நாள் பாருங்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வையுங்கள். எனக்கு ஆட்சேபமில்லை. எரிபொருள் ஓட்டத்தை அளந்த பிறகு வையுங்கள்.

எப்படி அளப்பது என்பதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். டேங்கில் சிறிதளவே எரிபொருள் இருக்கட்டும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, கடிகாரம் வைத்துப் பாருங்கள். புவியீர்ப்பால் மட்டும் வருகிற அமைப்பு என்றால், முழு வேகத்தில் எஞ்சின் குடிப்பதைப் போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும், பம்ப் என்றால் ஒன்றேகால் மடங்கு. ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். எண்களைத் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். துளையிட்டபோது உதிர்ந்த அலுமினியத் துகளும் காய்ந்த சீலண்ட் துணுக்குகளும் அங்கே உட்கார்ந்திருக்கும். முதல் சில மணி நேரங்களில் அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் அவை தம் வேலையைக் காட்டும்.

பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பரப்புகளான ஏலரான், எலிவேட்டர், சுக்கான் ஆகியவற்றின் கீலுக்குப் பின்னால் ஏறும் எந்த எடையும் அந்தப் பரப்பின் சமநிலையைக் கெடுக்கும், வேகம் கூடும்போது அது படபடத்து விமானத்தையே பிய்த்தெறியலாம். ஆகவே பெயிண்ட் அடித்த பிறகும் சமநிலையைச் சரிபாருங்கள். இது புதிதாகக் கட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பத்து வருடம் கழித்து மங்கிப்போயிற்று என்று பழைய பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சு அடிக்கிறவருக்குத்தான் இன்னும் அதிகமாகப் பொருந்தும். லாங்-ஈசி போன்ற ஃபோம்-எபாக்சி விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பது அழகுக்காக அல்ல. அடர்ந்த நிறம் வெயிலை உறிஞ்சினால் எபாக்சி இளகும். கருநீலம் கம்பீரமாக இருக்கும் என்று அடுத்த உரிமையாளர் ஆசைப்படுவார், அதைத் தடுக்கும் ஒரு வரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா?

பதிவேடுதான் என் பெரிய புகார். நேர்த்தியாகக் கட்டிய விமானங்கள் பல என்னிடம் வருகின்றன. ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்தால் கை மணக்கும். பதிவேட்டைத் திறந்தால், “ஆய்வு செய்யப்பட்டது, பறக்கத் தகுதியானது” என்று ஆண்டுக்கு ஒரு வரி. எரிபொருள் ஹோஸ்களை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது, ரப்பர் ஹோஸ்களுக்கோ வயது உண்டு. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தார்கள்? இல்லை. பேனலுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு வயர்க் காடு, ஒன்றிலும் அடையாளச் சீட்டு கிடையாது, வரைபடமும் கிடையாது. எல்லாம் கட்டியவர் தலைக்குள் இருந்தது, அவர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார், அல்லது போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்கியவருக்கு நான் மணிக்கணக்கில் பில் போடுகிறேன். எனக்கு லாபம்தான், என்றாலும் அது சம்பாதிக்கப் பிடிக்காத பணம்.

எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பதும் வீண் வேலையல்ல. வான்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற நிறுவனம் விற்கும் கிட்டுகளில், அதாவது வீட்டில் கட்டுவதற்கான பாகத் தொகுப்புகளில், 2022-23இல் லேசரால் துளை வெட்டப்பட்ட சில பாகங்கள் போயின, ரிவெட்டுக்காகக் குழித்தபோது துளையோரத்தில் விரிசல் விட்டன. அந்நிறுவனம் 2023 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்து கிட் உங்களுடையது என்றால் எதை மாற்றினீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். இறக்கையை மூடிய பிறகு யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. மூடும் முன் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

சோதனைப் பறத்தலிலும் இதே குறைதான். சான்று பெற்ற எஞ்சின், ப்ரொப்பெல்லர் இணை என்றால் முதலில் சோதனையாகப் பறக்க வேண்டியது வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. அந்த நேரத்தைச் சிலர் சுற்றிச் சுற்றிப் பறந்தே கழித்துவிடுகிறார்கள். எந்த எடையில் எந்த வேகத்தில் விமானம் தூக்கும் விசையை இழக்கிறது, எரிபொருள் மணிக்கு எவ்வளவு போகிறது, பின்பக்கம் எடை கூடினால் குணம் எப்படி மாறுகிறது என்று கண்டுபிடித்து ஒரு கையேடாக எழுதத்தான் அந்த நேரம். தொழிற்சாலை விமானத்துக்கு உற்பத்தியாளர் எழுதித் தருவதை உங்கள் விமானத்துக்கு உங்களைத் தவிர வேறு யாரும் எழுதித் தர முடியாது.

“என் விமானம், என் விருப்பம், அதற்குத்தானே இந்த வகையே இருக்கிறது” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சரிதான். வரைபடத்தை மாற்றும் உரிமை இல்லையென்றால் இந்தத் தொழிலில் பாதி அழகு போய்விடும், ருட்டானே அப்படி வந்தவர்தான். மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், மாற்றியதை அதன் மேலேயே குறித்துவையுங்கள். டென்வரின் வால்வில் “இடது”, “வலது”, “மூடு” என்று மூன்று ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கட்டுவோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1953இல் மில்வாக்கியில் தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுவோரின் சங்கமான ஈஏஏ, அனுபவமுள்ள தொழில்நுட்ப ஆலோசகர்களைக் கட்டணமில்லாமல் உங்கள் கராஜுக்கே அனுப்புகிறது. அவர்கள் வேலையைப் பார்க்கிறார்கள், யோசனை சொல்கிறார்கள். அந்த வருகைகளில் ஒன்றில் இதையும் சேருங்கள்: அந்த விமானத்தை அதுவரை பார்த்திராத ஒரு விமானியை அழைத்துவந்து இருக்கையில் உட்காரவையுங்கள். பட்டையை முழுக்க இறுக்குங்கள். கட்டியவர் வாயைத் திறக்கக் கூடாது. பார்வை முன்னால் இருக்கட்டும், கால்கள் பெடலில் அசையாமல் இருக்கட்டும். இப்போது டேங்கை மாற்றச் சொல்லுங்கள், பம்பைப் போடச் சொல்லுங்கள், கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடவுகிறார், எங்கே எட்டவில்லை, எதை மாற்றித் திருப்புகிறார் என்று குறித்துக்கொண்டு, அவற்றைச் சரிசெய்த பிறகு முதல் பறத்தலுக்குத் தேதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் விமானத்தை அடுத்து வாங்குபவரின் மெக்கானிக்