காளைக்கும் ஒரு விருது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் காளைச் சவாரி பற்றி ஒரு வரியும் வருவதில்லை. பேரன் கைபேசியில் காட்டித்தான் எனக்கே தெரியும். துள்ளும் காளையின் முதுகில் 8 வினாடி தாக்குப்பிடித்தால்தான் வீரனுக்குப் புள்ளி. மொத்தம் 100 புள்ளியில் பாதி காளையின் துள்ளலுக்கு. உலகச் சம்பியனுக்குத் தங்க இடுப்புப்பட்டி பக்கிள். சரி, அது இருக்கட்டும். காளைக்கும் தனி விருது உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. புஷ்வாக்கர் என்ற காளை 2011, 2013, 2014 என மூன்று முறை அதை வென்றது. 2013இல் அமெரிக்காவின் துல்சா நகரில் அதன் முதுகிலிருந்து விழாமல் இருந்த ஜே. பி. மோனி என்ற வீரருக்கு 95.25 புள்ளி.

யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்தவன் நான். நுரை தள்ள ஓடுவது மாடு, மேடையில் மாலை ஆளுக்கு! பரிசளிப்பில் மாட்டின் பெயரையாவது வாசிக்கலாம். முடிவுகளை அச்சிடும்போது நீங்களும் அதைச் சேர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.