நாற்காலிகளில் விட்டுப்போன 41 நூல்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும், இயக்கத் தலைவர்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

என் இரண்டாவது நூலின் வெளியீடு முடிந்த இரவு, மண்டபத்தில் என் தம்பியும் நானும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வரிசையில் ஒரு நூல் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்து மேடையில் வைத்தேன். அடுத்த வரிசையில் நான்கு. சாப்பாட்டு மேசையில், மீகூன் தட்டுகளுக்கு நடுவே ஏழு. கை கழுவும் இடத்துத் திண்ணையில் இரண்டு. இப்படி மண்டபம் முழுக்கக் கிடந்தவற்றை எல்லாம் சேர்த்து எண்ணியபோது 41 இருந்தன. அன்று மேடையில் நான் கொடுத்தது 118.

இதை எழுதுவது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. அன்று வந்த ஒவ்வொருவரும் என்மீது அன்பு வைத்துத்தான் வந்தீர்கள். நூலை வாங்கும்போது கொடுத்த உறையில் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வைத்தவர் உண்டு, இருநூறு வைத்தவரும் உண்டு. மொத்தம் 6,740 வெள்ளி சேர்ந்தது. அச்சுக்கு 3,900, அட்டை வடிவமைப்புக்கு 350, மண்டபத்துக்கும் நாற்காலிக்கும் 400, சாப்பாட்டுக்கு 1,500. எல்லாம் போக 590 வெள்ளி மிஞ்சியது. கடன் இல்லாமல் ஒரு தமிழ் நூல் வெளிவந்தது என்றால் அது உங்கள் கையால்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் என் மனத்தில் இருப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பணத்தைவிட வாசகர் தேவை. அதுவும் இப்போதே தேவை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் எழுதியது இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய 14 பெரியவர்களின் நினைவுகள். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய், பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரவில் உட்கார்ந்து எழுதினேன். 1948 ஜூன் 16 அன்று நம் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததும் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. சுங்கை சிப்புட் என்ற பெயரே அந்த ஒரு பத்திக்காகத்தான் பாடத்தில் வருகிறது. அதே காலத்தில் தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, விடியற்காலை வெட்டுக்குப் போகிறவர்கள் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்று வாயிலில் சோதித்தார்களே, அந்தக் கதையை யார் எழுதினார்கள்? ஒரு பாட்டி என்னிடம், "பத்து மணிக்குப் பசி கண்ணை மறைக்கும். மரத்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன், அப்புறம் அடுத்த மரத்துக்குப் போவேன்" என்றார். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் நூல் போட்டேன்.

முதலில் தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. ஆனால் 'மங்கு', 'பெரட்டு' (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு), 'ஒட்டுப்பால்' (மரத்திலும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்த பால்) போன்ற சொற்கள் அங்கே புரியாது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். மங்கைக் கிண்ணம் என்று எழுதலாம். ஆனால் மரத்தில் கட்டிய மங்கில் பால் சொட்டும் சத்தத்தைச் சொன்ன அந்தத் தாத்தா வாழ்நாளில் கிண்ணம் என்று சொன்னதே இல்லை. அன்றுதான் சொந்தமாகப் போடுவது என்று முடிவெடுத்தேன்.

சொந்தமாக நூல் போட நினைக்கும் இளையோர் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் உரிய பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் நூலில் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கங்கள் பதினாறின் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. என் நூல் 176 பக்கம். எழுத்துருவில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை ஓர் அச்சகத்தின் பழைய மென்பொருள் உடைத்துவிட்டது. கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. மெய்ப்புப் படியை வரிவரியாகப் பார்த்திராவிட்டால் அந்த 14 பேரின் வார்த்தைகளும் அப்படியே குலைந்து அச்சாகியிருக்கும். கணினியில் தமிழை எழுத வைத்தவர்களில் முன்னால் நிற்கும் முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அப்படிப்பட்ட நாட்டில் தமிழ் தெரிந்த அச்சகத்தைத் தேடி நான் மூன்று ஊர் அலைந்தது வருத்தமாக இருந்தது.

சரி, விற்பனைக்கு வருகிறேன். 300 பிரதி அடித்தேன். அச்சும் அட்டையும் சேர்த்தால் ஒரு நூலின் அடக்கவிலை 14 வெள்ளிக்குச் சற்று மேல். விலை 25. கடையில் வைத்தால் அவர்கள் நாற்பது விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள், எனக்கு 15 வரும். மிஞ்சும் ஒரு வெள்ளி கூட ஈப்போவுக்கு எண்ணெய் போட்டுப் போய் வருவதில் கரைந்துவிடும். அதனால்தான் நம் நாட்டில் தமிழ் எழுதுகிறவர்கள் எல்லாரும் வெளியீட்டு விழாவையே நம்பியிருக்கிறோம். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பொன்னாடை, முதல் நூல் பெறுபவர், அப்புறம் வரிசையாக மேடையேறி உறையைக் கொடுத்து நூலை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வது. கல்யாணத்து மொய் போலத்தான். இன்று எனக்கு, நாளை உங்களுக்கு. இந்த வழக்கம் இல்லையென்றால் நம்மிடம் பாதி நூல்கள் வந்தே இருக்காது. இதை நான் முழுமனத்தோடு சொல்கிறேன்.

ஆனால் மொய் என்று ஆகிவிட்டால், நூல் வெறும் தாம்பூலப் பையாகிவிடுகிறது. கொடுத்தவருக்குக் கடமை முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. விழாவுக்குப் பிறகு எட்டு மாதத்தில் நான் விற்றது 31 நூல்கள். ஒருவர் படித்து இன்னொருவருக்குச் சொன்னால்தான் அடுத்த நூல் போகும். படித்தவரே சிலர்தான் என்றால் யார் சொல்வார்கள்?

படித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழா முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவர் அழைத்தார். பழைய தோட்டத்துக்காரர், இப்போது தாமான் குடியிருப்பில் மகனோடு இருக்கிறார். வணக்கம் கூடச் சொல்லவில்லை. "எண்பத்தெட்டாம் பக்கத்துல ஆயாக்கொட்டகைய ரோட்டுப் பக்கம்னு எழுதியிருக்கிறியே, அது ஆத்துப் பக்கம்மா. என் தங்கச்சிய நான்தான் விடியக்காலையில தூக்கிட்டுப் போய் விடுவேன். எனக்குத் தெரியாதா?" என்றார். பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் இடம்தான் ஆயாக்கொட்டகை. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். ஆயாவின் பெயர், அவர் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டின் இரண்டு அடிகள், வெள்ளம் வந்த வருடம் கொட்டகையை இடம் மாற்றியது எல்லாம் சொன்னார். எனக்குக் கதை சொன்ன 14 பேரில் ஒருவருக்கும் நினைவில்லாத செய்தி அது. அந்த அழைப்புக்கு எந்த உறையும் ஈடாகாது.

அந்தப் பெரியவரைப் போல எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்! அவர்கள் படித்தால், அல்லது யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டினால், என் நூலில் உள்ள பிழைகள் திருந்தும், விட்டுப்போனவை சேரும். ஆனால் காலம் காத்திருக்கவில்லை. என்னிடம் பேசிய 14 பேரில் ஐந்து பேர் இன்று இல்லை. அந்தப் பெரியவரின் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடத்தைக் காட்டுவதற்கு ஒரு மாமரம்தான் மிச்சம்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஆலய நிர்வாகத்தினரே, நூல் வெளியீட்டுக்கு மண்டபம் தருகிறீர்கள். வெளியீடு முடிந்து மூன்று மாதம் கழித்து, அதே நூலுக்காக ஒரு ஞாயிறு மாலை மண்டபத்தைத் திறந்து கொடுங்கள். பொன்னாடையும் சாப்பாடும் வேண்டாம், தேத்தண்ணி போதும். படித்தவர்கள் வந்து பேசட்டும், பிழை சொல்லட்டும். என் நூலுக்கு மட்டும் கேட்கவில்லை, இந்த ஊரிலிருந்து வரும் எந்த நூலுக்கும் கேட்கிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு இரண்டு பிரதி என்று வாங்கினாலே ஆயிரம் பிரதி ஆகிவிடும். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. நம் வட்டாரத்துப் பள்ளிகளின் நூலகத்தில் நம் வட்டாரத்து நூல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு வீட்டில் தாத்தாவிடம், "பெரட்டுன்னா என்ன?" என்று கேட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கதை பிறக்கும்.

தலைவர்களே, மேடையில் உறை வாங்கும் வரிசையை எடுத்துவிடலாம். வாசலில் ஒரு மேசை போட்டு 25 வெள்ளி நூலை 25 வெள்ளிக்கே விற்போம். பத்து நூல் வாங்க நினைப்பவர் பத்தையும் வாங்கி, படிக்கக்கூடிய பத்துப் பேரிடம் தன் கையால் கொடுக்கட்டும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், நம் ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டித் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பங்குப் பணம்தான் தோட்டங்களை வாங்கியது. பெரிய உறைகளை நம்பி அது நடக்கவில்லை. நூலும் அப்படி வாங்கப்பட வேண்டும் என்பது என் ஆசை.

அன்று விட்டுப்போன 41 நூல்களும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் பணம் கொடுத்துவிட்டீர்கள், அவை உங்களுடையவை. உறைகளில் எழுதியிருந்த பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாறிய பிறகு, நூல் இல்லாத வீடுகளைக் கேட்டறிந்து நானே கொண்டுவருகிறேன். வீட்டில் தோட்டத்துப் பெரியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எண்பத்தெட்டாம் பக்கத்தை அவருக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி,
சுங்கை சிப்புட்