அல்புமின் குறைந்தால் முட்டை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படிப்பது பற்றி வந்த கட்டுரையைப் பார்த்தேன். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், பிளாஸ்மா புரதங்களை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் புரதங்களை, இரண்டே வரியில் முடித்துவிட்டார். அவற்றில் ஒன்றான அல்புமின் குறைந்தால் சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்று பொருள், முட்டையும் பருப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார். நான் 34 ஆண்டுகள் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட அறிவுரை என்ன செய்யும் என்பதை என் குடும்பத்திலேயே பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

என் தங்கையின் பேரனுக்கு அப்போது ஆறு வயது. காலையில் எழும்போது கண் இமைகள் வீங்கியிருக்கும், மதியத்துக்குள் வற்றிவிடும். பூச்சிக்கடி என்று நினைத்தார்கள். பிறகு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் அல்புமின் 1.8. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, மூன்று வாரம் தினமும் இரண்டு முட்டையும் புரத மாவும் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். விழுந்த குழி எழும்பவே இல்லை. சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டேன். சோப்பு நுரை மாதிரி நிற்கிறது என்றாள் என் தங்கை.

பழைய வழக்கம் விடவில்லை. சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, குழாயின் மேல்பாதியை மட்டும் அடுப்புச் சுடரில் காட்டினேன். தெளிந்திருந்த நீர் மேலே மட்டும் பால் போல வெளுத்தது. பாஸ்பேட் உப்பும் சில நேரம் இப்படி வெளுப்புக் காட்டும், ஆனால் இரண்டு மூன்று சொட்டு வினிகர் விட்டால் கரைந்துவிடும். இது கரையவில்லை, திரிதிரியாகத் திரண்டு நின்றது. சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவது போல இரத்தத்தின் அல்புமினும் இறுகும். பிள்ளையின் சிறுநீரக வடிகட்டி அல்புமினைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். நெப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் சிறுநீரில் புரதம் போவது நின்றது. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய மூன்று வாரமும் வீணாகப் போனதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சாப்பிடும் முட்டை நேராக இரத்தத்து அல்புமினாக மாறிவிடுவதில்லை. எந்தப் புரதமும் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. அவற்றைக்கொண்டு கல்லீரல்தான் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை அல்புமின் செய்து இரத்தத்தில் விடுகிறது. 100 மில்லி இரத்தத் தெளிநீரில் 3.5 முதல் 5 கிராம் வரை அது இருக்க வேண்டும். பிலிருபினையும் கால்சியத்தையும் பல மருந்துகளையும் சுமந்து செல்வது இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பதும் பெரும்பாலும் இதுதான். குறைந்தால் நீர் கசிந்து முகத்திலும் காலிலும் வயிற்றிலும் கோத்துக்கொள்கிறது. நம் முன்னோர் மகோதரம் என்று சொன்ன வயிற்று வீக்கம் பல நேரம் கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு வருவது. கடுமையான நோய்த்தொற்றிலும் அல்புமின் இறங்கும். பட்டினி இந்தக் காரணங்களில் ஒன்று, அவ்வளவே.

பிளாஸ்மா புரதங்களில் இன்னொரு வகையான குளோபுலின்களைக் கட்டுரை தொடவே இல்லை. 1937-இல் ஸ்வீடனின் ஆர்னே டிசெலியஸ் சீரத்தில் (இரத்தத் தெளிநீரில்) மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பிரித்தபோது, அல்புமினுக்குப் பின்னால் ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று கூட்டங்களாகத் தெரிந்தவை இவை. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் பீட்டா கூட்டத்தைச் சேர்ந்தது. காமா கூட்டத்தில் பெரும்பாலும் நோய் எதிர்ப்புப் பொருள்கள். மற்றவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரல் செய்ய, இவற்றை மட்டும் வெள்ளையணுக்களின் வழிவந்த பிளாஸ்மா செல்கள் செய்கின்றன. கல்லீரல் நாள்பட்டுக் கெடும்போது அல்புமின் இறங்க, குளோபுலின் ஏறும். அல்புமின் 2.8, குளோபுலின் 4.2 என்றால் மொத்தப் புரதம் 7. தாளில் அந்த மொத்தத்துக்கு எதிரே எந்தக் குறியும் இருக்காது. அதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நான் அறிவேன். மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

இன்னொரு பிழை, சீரமும் பிளாஸ்மாவும் ஒன்றுதான் என்று எழுதியிருப்பது. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்த இரத்தம் உறைகிறது. உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற பிளாஸ்மா புரதம் ஃபைப்ரின் இழையாகி, அணுக்களை வலைபோட்டுப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடுகிறது. மேலே நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம், அதில் ஃபைப்ரினோஜன் இராது. அதை அளக்க, இரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் எடுத்த பிளாஸ்மா வேண்டும். குழாய் மாறி வந்த இரத்தத்தை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் இதழைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் கடைக்குப் போய்ப் புரத மாவு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அல்புமின் 3.5-க்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டைக்குச் சில நிமிடங்களே போதும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திருநெல்வேலி.